துவக்கச் சாதனம் இல்லை

கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரே ஒரு வரி:
துவக்கச் சாதனம் இல்லை,
ஒன்றைச் செருகி ஏதாவதொரு விசையை அழுத்தவும்.

செருகித்தான் இருக்கிறேன்.
பென்டிரைவின் விளக்கு மினுங்குகிறது.
ஆனாலும் இல்லை என்கிறது.

திருக்கடலூர் மீனவர் சங்கத்தின் பெட்டி இது.
ஐஸ் லொறியின் முன்சீற்றில், மடியில் வைத்துக் கொண்டுவந்தார்
செயலாளர் கோணாமலை.
பின்பக்க ஆணிகளில் உப்புப் பூத்திருந்தது.
'விண்டோஸ் செத்துப் போச்சு பிள்ளை.
காசில்லாத ஏதும் இருந்தாப் போடு.
டி டிரைவில மட்டும் கை வைச்சிராத,
கடன் கணக்கெல்லாம் அதுக்குள்ள.'

அவர் போய்க் கால்மணி ஆகவில்லை,
தவராசா வந்தான், சைக்கிளை விட்டு இறங்காமல்.
'அக்கா, முழுக்க அழிஞ்சு போச்செண்டு சொன்னா என்ன?
கொம்பியூட்டர்தானே. அழியும்தானே.'
பிறகு அவன் மச்சான்.
பிறகு வலைக்கடன்காரர் இரண்டு பேர்,
ஒன்றும் கேட்காமல் கடைக்குள் நின்றுவிட்டுப் போனார்கள்.
போகும்போது தவராசா மேசையில் விட்டுப்போன பையில்
ஒரு பாரைமீன்.

பயோஸுக்குள் போனேன்.
வரிசையை மாற்றினேன்: முதலில் பென்டிரைவ், பிறகு வட்டு.
அடுத்து செக்கியூர் பூட்,
கையொப்பம் இல்லாத எவரையும் உள்ளே விடாத காவலரண்.
வரிசையில் நின்று அட்டை காட்டிய பழக்கம்
இந்த ஊருக்கு நிறைய உண்டு.
நானே மூடக்கூடிய காவலரண் இது ஒன்றுதான்.
மூடினேன். எஃப் பத்து. சேமி.

கரன்ட் போனது.

வாசலில் இரண்டு மான்கள்
பழைய மொனிட்டர் வந்த மட்டைப்பெட்டியைத்
தின்றுகொண்டு நின்றன.
விரட்டவில்லை. அரைமணி நேரம் மூவரும் இருட்டில்.

கரன்ட் வந்தது. மறுபடியும் அதே வரி.

பென்டிரைவைப் புதிதாக எழுதினேன்.
முன்பக்கத் துளை ஆடுகிறதென்று பின்பக்கம் செருகினேன்.
றாமைக் கழற்றி
அழிறப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்தேன்.
வரிசை, காவலரண், எஃப் பத்து, எல்லாம் திரும்பவும்.
பதினொன்றரைக்கு எழும்பியது.
என்ன மொழி என்று கேட்டது. தமிழ் என்றேன்.
அடுத்த கேள்விக்கு விடையை அதுவே புள்ளியிட்டு வைத்திருந்தது:
முழு வட்டையும் அழித்து நிறுவு.

ஒரு சொடுக்கு. நாற்பத்தொரு வீட்டுக் கடன்.
யாரும் என்னைக் குற்றஞ்சொல்லார்.
செத்த மெசினோடு சாகிறதுதானே கணக்கும்.
சுட்டி அங்கேயே நின்றது, என் கையும்.
ஆனால் கட்டி முடித்தவர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள்,
துண்டு தொலைத்தவர்கள், எழுதத் தெரியாதவர்கள்,
கட்டியதற்கு வேறு சாட்சி இல்லாதவர்கள்.
கீழே இறங்கி 'வேறு ஏதாவது' என்பதைத் தெரிந்தேன்.

நிறுவி முடிந்தது. கரன்ட் ஒரு கண் சிமிட்டியது.
அதே வரி.

அப்போதுதான் பயோஸின் நேரத்தைப் பார்த்தேன்.
ஒன்று, சனவரி, இரண்டாயிரத்து ஒன்பது.
கரன்ட் போகும் ஒவ்வொரு தடவையும்
இது அங்கேதான் போய் எழும்புகிறது,
நான் சொல்லிக்கொடுத்த எதுவும் இல்லாமல்.
அதற்கு இன்னும் மே மாதம் வரவில்லை.
அந்தத் தேதியில் உயிரோடிருந்தவர்களை
எண்ணத் தொடங்கினேன்.
நிறுத்தினேன்.

பற்றரி. வேறொன்றுமில்லை.
நாணயமளவு, தாய்ப்பலகையின் ஓரத்தில்,
விளிம்பில் பச்சைக் களிம்பு.
இந்த நேரத்தில் எந்தக் கடை?
குசினித் தராசைக் கவிழ்த்து அதனுடையதை எடுத்தேன்.
இனி மாவைக் கையால் அளக்கலாம்.

தேதியை இன்றைக்குக் கொண்டுவந்தேன்.
மாதம் மாதமாக அழுத்தவேண்டியிருக்கவில்லை, ஆண்டை மாற்றினால் போதும்.
வரிசை. காவலரண். சேமி.
வேண்டுமென்றே வயரைப் பிடுங்கினேன். திரும்பக் குத்தினேன்.
ஊதா நிறத்தில் விரிந்தது திரை.
டி டிரைவ் அப்படியே, ஒரு சதம் குறையாமல்.

விடியத் தவராசா சைக்கிளோடு வாசலில்.
'அழிஞ்சதே?'
பாரைக்கு அறுநூறு ரூபா எண்ணிக் கொடுத்தேன்.
வாங்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.
'சங்கத்தில கட்டு, ஏறும்' என்றேன்.
மூன்று நோட்டை அவன் இன்னும் ஒருதரம் எண்ணினான்.